அஷராக முதன்முறை வாசலில் நிற்கப்போகிறவர்களுக்கு

வழிபாட்டுக் கூடமோ, நாடக அரங்கமோ, இசை நிகழ்ச்சி நடக்கும் மண்டபமோ, பெரிய மாநாடோ எதுவாக இருந்தாலும், புதிதாக வந்த ஒருவரை அழைத்து, "இன்றைக்கு நீங்கள் அஷர்" என்று சொல்லிச் சட்டையில் ஓர் அடையாள அட்டையைக் குத்திவிட்டு, வாசலைக் காட்டிவிட்டுப் போய்விடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அஷர் என்றால் சிரித்த முகத்துடன் வணக்கம் சொல்பவர் என்பதோடு விளக்கமும் முடிந்துவிடுகிறது. ஆனால் வணக்கம் சொல்வது அந்தப் பணியின் மிகச் சிறிய பகுதியே. உள்ளே வரும் ஒவ்வொருவரும் தடுமாறாமல் தம் இடத்தைச் சேர்வதும், அமர்ந்தவர்கள் இடையூறின்றி இருப்பதும், ஆபத்து என்று வந்தால் அத்தனை பேரும் உயிரோடு வெளியேறுவதும் வாசலில் நிற்கும் அந்தச் சிலரைச் சார்ந்தே இருக்கின்றன. பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்துவருபவன் என்ற முறையில், முதல் நாளிலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பொருள்

அஷர் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. பிரெஞ்சில் 'உய்சியே' என்றால் கதவருகே பணியில் நிற்பவர். அதன் மூலம் லத்தீன் மொழியின் 'ஒஸ்தியாரியுஸ்'. அது வாசலைக் குறிக்கும் 'ஒஸ்தியும்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அந்தச் சொல்லோ வாயைக் குறிக்கும் 'ஓஸ்' என்ற சொல்லின் உறவு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வீட்டின் திறப்பை அதன் வாயாகக் காணும் பார்வை இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

வாயிலோன் என்ற பழந்தமிழ்ச் சொல்லும் அஷருக்கு மிக நெருங்கியதே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனின் அரண்மனை வாசலில் நின்று வாயிலோனை விளித்துத் தன் வரவை அரசனுக்கு அறிவிக்கச் சொல்கிறாள். அவன் உள்ளே சென்று அறிவிக்கிறான். அரசனின் ஆணை பெற்றுத் திரும்பி வந்து 'கோயில் காட்ட', அவள் உள்ளே செல்கிறாள். வந்தவரைத் தடுத்து நிறுத்துவது, உள்ளிருப்பவருக்குச் சொல்வது, பிறகு வழிகாட்டி அழைத்துச் செல்வது ஆகிய மூன்றும் அந்த ஒரே ஆளின் கையில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். இன்றைய அஷரின் பணியும் இந்த மூன்றுதான்.

மேற்கில் இந்தச் சொல் பல இடங்களுக்குப் பயணம் செய்திருக்கிறது. கி.பி. 251இல் ரோமாபுரித் திருச்சபையின் ஊழியர்களைக் கணக்கிட்டு எழுதிய போப் கொர்னேலியுஸ், வாயில் காப்பவர்களையும் அவர்களில் ஒரு பிரிவினராகக் குறிப்பிட்டார். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையின் சிறு பட்டங்களில், அதாவது குருவாகும் வழியில் பெறும் தொடக்கப் படிகளில், முதலாவதாக அது நிலைபெற்றது. அந்தப் பட்டம் பெறுபவரிடம் ஆலயத்தின் சாவிகளைத் தந்து, கதவைத் திறந்து மூடவும் மணியை ஒலிக்கவும் வைப்பார்கள். 1972இல் போப் ஆறாம் பவுல் அந்தப் பட்டத்தை நீக்கினார். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 'கறுப்புக் கோல்' என்று அழைக்கப்படும் அதிகாரியின் முழுப் பதவிப் பெயரிலும் அஷர் என்ற சொல் இன்றுவரை இருக்கிறது. நாடாளுமன்றத் தொடக்க நாளில் அவர் மக்களவையின் கதவை நெருங்கும்போது அது அவர் முகத்துக்கு நேரே சாத்தப்படும். கோலால் மூன்று முறை தட்டிய பிறகே திறக்கும். ஒரு காலத்தில் ஆங்கிலப் பள்ளிகளில் உதவி ஆசிரியரையும் அஷர் என்றே அழைத்தார்கள். இத்தனை இடங்களிலும் பொருளின் மையம் மாறவில்லை: காவல் ஒரு பாதி, காட்டுதல் மறு பாதி. புதிதாக வருபவர்கள் காவலை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். காட்டுதலைக் கற்கத்தான் காலமும் பயிற்சியும் வேண்டும்.

முந்தைய நாள் கூடத்தை நடந்து பாருங்கள்

நிகழ்ச்சிக்கு முந்தைய நாளோ, அது முடியாவிட்டால் ஆட்கள் வரத் தொடங்கும் முன்போ, கூடம் முழுவதையும் கால்களால் அளந்துவிடுங்கள். வரைபடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வது போதாது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் உள்ளே நுழைந்து, வரிசைகளின் எழுத்து எங்கிருந்து தொடங்குகிறது, இருக்கை எண் இடமிருந்து வலமாகப் போகிறதா வலமிருந்து இடமா, ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் தனித்தனிப் பக்கமாகப் பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல பழைய அரங்குகளில் சில எழுத்துகளை விட்டுவிட்டு வரிசைப் பெயர் வைத்திருப்பார்கள். அது தெரியாத அஷர் இல்லாத வரிசையைத் தேடிக்கொண்டிருப்பார். கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை, மின்தூக்கி ஆகியவை எங்கே என்று கேட்டால், யோசிக்காமல் கை நீட்டும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவசர வழிகளை மட்டும் பார்வையால் தெரிந்துகொண்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கதவையும் உங்கள் கையாலேயே திறந்து, வெளியே போய், அந்த வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1903 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் இரோக்குவா தியேட்டரில் பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது மேடையில் பற்றிய தீயால் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அரங்கம் திறக்கப்பட்டு ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. வெளியேறும் கதவுகள் பல திரைச்சீலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாள் யாருக்கும் பழக்கமில்லாத வகையைச் சேர்ந்தது. மாடிப் படிகளில் மடக்குக் கம்பிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. அங்கே பணியில் இருந்த அஷர்களுக்குத் தீ ஒத்திகை எதுவும் கொடுக்கப்படவில்லை. உடலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பிக் கதவுகள் அமெரிக்கப் பொதுக் கட்டடங்களில் பரவியதற்கு இந்தத் துயரமும் ஒரு முக்கியக் காரணம். உங்கள் பொறுப்பில் இருக்கும் கதவு பூட்டியிருந்தாலோ, அதன் முன்னால் நாற்காலிகளை அடுக்கியிருந்தாலோ, 'நமக்கு எதற்கு' என்று ஒதுங்காமல் உடனே தலைமை அஷரிடம் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யும்வரை விடாமல் கேளுங்கள்.

பணி நாளில்

கதவுகள் திறக்கப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது வந்துவிடுங்கள். நடந்தால் ஓசை எழுப்பாத, வழுக்காத காலணி அணியுங்கள். மூன்று மணி நேரம் நிற்பதற்கு ஏற்றதாக அது இருக்கட்டும். நெடி வீசும் வாசனைத் திரவியம் வேண்டாம், சிலருக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டும். அலைபேசியை ஒலியில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். சிறு டார்ச், பேனா, துண்டுத் தாள் ஆகிய மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தலைமை அஷர் அனைவரையும் கூட்டிப் பேசும்போது நான்கு கேள்விகளுக்கு விடை தெரியாமல் அங்கிருந்து நகராதீர்கள். என் பகுதி எதிலிருந்து எதுவரை? நிகழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கி, எப்போது இடைவேளை? தாமதமாக வருகிறவர்களை எந்தக் கட்டத்தில் உள்ளே விடலாம்? சிக்கல் வந்தால் யாரிடம், எந்த வழியில் சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்விக்கு "என்னைத் தேடி வாருங்கள்" என்று பதில் வந்தால், அவர் எங்கே நிற்பார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில்

வருகிறவரின் முகத்தைப் பார்த்து, அவர் பேசுவதற்கு முன் நீங்கள் பேசுங்கள். நீளமான வரவேற்புரை வேண்டியதில்லை. "வணக்கம், வாருங்கள்" என்பதே போதும். நுழைவுச்சீட்டு உள்ள நிகழ்ச்சியாக இருந்தால் தேதி, காட்சி நேரம், தளம், வரிசை, இருக்கை என்ற வரிசையில் கண்ணை ஓட்டப் பழகுங்கள். இருக்கை எண்ணை மட்டும் பார்த்து உள்ளே அனுப்புவதுதான் பிற்பாடு வரும் தகராறுகளுக்குப் பெரும்பாலும் விதை போடுகிறது.

ஒரே இருக்கைக்கு இருவர் வந்து நின்றால், ஏறக்குறைய எப்போதும் அவர்களில் ஒருவருடைய சீட்டில் வேறு தேதியோ வேறு தளமோ இருக்கும். வரிசைக்கு நடுவில் நின்று யார் சொல்வது சரி என்று விசாரிக்காதீர்கள். இரண்டு சீட்டுகளையும் பணிவாகக் கேட்டு வாங்கி, நடைவழிக்கு வந்து வெளிச்சத்தில் படியுங்கள். தவறு செய்தவர் ஏற்கெனவே அமர்ந்திருப்பவராக இருந்தால், அக்கம்பக்கத்தவர் காதில் விழாத குரலில், "உங்கள் இடம் மாடியில் இருக்கிறது, நானே அழைத்துச் செல்கிறேன்" என்று சொல்லுங்கள். அவருடைய தவறை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சரியான இடத்தைச் சொன்னால் போதும். அச்சுப் பிழையால் உண்மையிலேயே இரண்டு சீட்டும் ஒன்றாக இருந்தால், நீங்களாகத் தீர்ப்பு வழங்காமல் தலைமை அஷரை அழையுங்கள்.

அழைத்துச் சென்று அமர்த்துதல்

இந்தப் பணியின் இதயம் இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விருந்தினருக்கு இரண்டு அடி முன்னால் நடங்கள். குழுவாக வந்தால், அவர்களில் மெதுவாக நடப்பவரின் வேகமே உங்கள் வேகம். ஒரு முறையாவது திரும்பிப் பார்த்து, அவர்கள் தொடர்ந்து வருகிறார்களா என்று உறுதிசெய்யுங்கள். வரிசையை அடைந்ததும் அதைத் தாண்டி ஓர் அடி முன்னே போய், உடலைத் திருப்பி நின்று, அவர்கள் நுழைய வழிவிடுங்கள். இடத்தைக் காட்டும்போது ஆட்காட்டி விரலை நீட்டாமல், உள்ளங்கையை மேல்நோக்கித் திறந்து காட்டுங்கள். விரலை நீட்டினால் கட்டளையாகத் தோன்றுவதை, விரித்த கை அழைப்பாக மாற்றிவிடும்.

இருக்கை எண் இல்லாத நிகழ்ச்சிகளில் முன்வரிசைகளையும் நடுப்பகுதியையும் முதலில் நிரப்புங்கள். பின்வரிசைகளின் ஓர இருக்கைகளைத் தாமதமாக வருபவர்களுக்கும், இடையில் எழுந்து போக வேண்டியிருப்பவர்களுக்கும் விட்டுவையுங்கள். யாரும் ஓர இருக்கையையே விரும்புவார்கள் என்பதால் இதைச் செய்யக் கொஞ்சம் நயமான பேச்சு வேண்டியிருக்கும். "நடுவில் அமர்ந்தால் மேடை நன்றாகத் தெரியும்" என்று சொன்னால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தைப் பிரித்து அமர்த்த நேர்ந்தால், குழந்தை எந்தப் பெரியவரோடு இருக்கும் என்று அவர்களையே கேளுங்கள்.

நான் பணிக்கு வந்த புதிதில், கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயை, மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு முன்வரிசையின் நட்ட நடுவில் அமர்த்தினேன். அரை மணி நேரத்தில் குழந்தை அழத் தொடங்கியது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, முழங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்ட பன்னிரண்டு பேரைத் தாண்டி, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டபடி அவர் வெளியே வந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன் பிறகு, நல்ல இடம் எது என்று நானாகத் தீர்மானிப்பதை விட்டுவிட்டேன். "ஓரமாக அமர்வது உங்களுக்கு வசதியாக இருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். குழந்தையோடு வருபவரிடமும், கைத்தடியோடு வரும் முதியவரிடமும், முகத்தில் களைப்புத் தெரியும் எவரிடமும் இதைக் கேளுங்கள்.

பார்வையற்றவர் ஒருவர் வந்தால் அவருடைய கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி, "நான் வழிகாட்டட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் உங்கள் முழங்கையை அவர் பக்கம் கொடுங்கள். அதற்குச் சற்று மேலே அவரே பிடித்துக்கொள்வார். அரையடி முன்னால் நடந்தபடி, "மூன்று படிகள் ஏறப்போகிறோம்", "இங்கே வழி குறுகலாக இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இருக்கையை அடைந்ததும் அவர் கை நாற்காலியின் முதுகில் படும்படி செய்தால், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். விடைபெறாமல் நகர்ந்துவிடாதீர்கள், நீங்கள் போய்விட்டது தெரியாமல் அவர் பேசிக்கொண்டிருக்க நேரும். சக்கர நாற்காலியும் அப்படித்தான், கேட்காமல் தொடக் கூடாது. அதில் வருபவரோடு வந்தவரிடம் பேசாமல், அவரிடமே நேராகப் பேசுங்கள்.

தாமதமாக வருகிறவர்கள்

தாமதமாக வருபவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பார். கண்டிப்பான முகம் காட்டி அதைக் கூட்ட வேண்டாம். அதே நேரத்தில், உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கானோரின் கவனத்தையும் கலைக்க முடியாது. இசை நிகழ்ச்சியில் ஓர் உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போதும், வழிபாட்டில் ஜெபமோ வேத வாசிப்போ முடிந்து பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதும், நாடகத்தில் காட்சி மாறும்போதும் அழைத்துச் செல்லலாம். அதுவரை அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி, "இந்தப் பாட்டு முடிந்ததும் போய்விடலாம், நான்கு நிமிடம் இருக்கும்" என்று காலத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

இருட்டில் டார்ச் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒளி தரையை நோக்கியே இருக்க வேண்டும். முகங்களின் மீதோ, மேடையின் பக்கமோ ஒரு நொடியும் திரும்பக் கூடாது. டார்ச்சின் கண்ணாடியை இரண்டு விரல்களால் பாதி மூடிக்கொண்டால், பாதத்துக்கு முன்னால் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் வெளிச்சம் விழும், அது போதும். படி வரும் இடத்தில் ஒளியை அந்தப் படியின் விளிம்பில் ஒரு கணம் நிறுத்துங்கள். கதவை மூடும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே கதவை நிலையோடு சேர்த்து, பிறகு மெதுவாக விடுங்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளட்டும் என்று விட்டால், அந்த ஓசை கடைசி வரிசை முழுவதையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

நிகழ்ச்சி நடக்கும்போது

அஷர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்றாலும், அவருடைய கண்கள் கூட்டத்தின் மீதுதான் இருக்க வேண்டும். நல்ல நிகழ்ச்சியின்போது இது கடினம். நானும் பலமுறை மெய்மறந்து நின்றிருக்கிறேன். அலைபேசித் திரையை ஒளிரவிடுபவர், உரக்கப் பேசுபவர் ஆகியோரிடம் வரிசையின் ஓரத்தில் குனிந்து, அவர் கண் மட்டத்துக்கு வந்து, ஒரே வாக்கியத்தில் கேட்டுக்கொண்டு உடனே விலகிவிடுங்கள். அவர் கீழ்ப்படிகிறாரா என்று அங்கேயே நின்று பார்த்தால் அது சவாலாகிவிடும். இரண்டாம் முறையும் கேட்க வேண்டி வந்தால் தலைமை அஷரிடம் சொல்லுங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால், ஒருவர் அவர் அருகிலேயே இருக்க, மற்றொருவர் உதவி கேட்டுப் போக வேண்டும். சுற்றிக் கூடுபவர்களை விலக்கிக் காற்றுக்கு இடம் விடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவர் இயல்பாக மூச்சு விடவில்லை என்றால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லி, இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் கருவி கூடத்தில் இருந்தால் அதைக் கொண்டுவரச் செய்யுங்கள். நெஞ்சை அழுத்தும் முதலுதவிப் பயிற்சியை ஒவ்வோர் அஷரும் ஒரு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வழிபாட்டுக் கூடங்களில் காணிக்கை எடுக்கும் பொறுப்பும் பல நேரம் அஷர்களுடையதாகவே இருக்கும். தட்டைக் கொடுத்துவிட்டுக் கொடுப்பவரின் கையைப் பார்க்காதீர்கள். பணத்தை எடுத்துச் செல்லும்போதும் எண்ணும்போதும் எப்போதும் இருவர் இருக்க வேண்டும்; எவ்வளவு நம்பிக்கைக்குரியவரானாலும் தனியாகச் செய்யக் கூடாது. இது அவரைச் சந்தேகத்திலிருந்து காப்பதற்கும் சேர்த்து ஏற்பட்ட ஒழுங்கு.

ஆபத்து நேரத்தில்

நடைவழிகளில் பைகள், கூடுதல் நாற்காலிகள், நின்றுகொண்டிருப்பவர்கள் என எதுவும் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்வது தொடக்கத்திலிருந்தே உங்கள் வேலை. "ஐந்து நிமிடம்தான்" என்று சொல்பவரிடமும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளியேற வேண்டிய நேரம் வந்தால் உங்கள் குரல்தான் கருவி. 1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் தீப்பிடித்து 165 பேர் இறந்தார்கள். அங்கே மேசைகளைத் துடைத்து எடுக்கும் வேலையில் இருந்த 18 வயது இளைஞர் ஒருவர், நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த கூடத்தின் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கி, வெளியேறும் வழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டி, எல்லோரையும் வெளியேறும்படி சொன்னார். பலர் உயிர் பிழைக்க அதுவே காரணமாயிற்று. அவர் செய்ததில் மூன்று கூறுகள் இருந்தன: எல்லோருக்கும் தெரியும் இடத்தில் நின்றார், தெளிவாகப் பேசினார், வழியைக் காட்டினார். நீங்களும் ஓடாமல், அலறாமல், "இந்தப் பக்கம் வாருங்கள், நடந்து வாருங்கள்" என்று குறுகிய வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வந்த வாசல் வழியாகவே திரும்பிப் போவது மனிதரின் இயல்பு என்பதால், மற்ற வாசல்களுக்கு அவர்களைத் திருப்பிவிட ஓர் ஆள் அங்கே நின்றாக வேண்டும். புகையோ தீயோ வழியை அடைக்காதவரை அந்த ஆள் நீங்கள்தான்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

கடைசிக் கைதட்டல் தொடங்கும் முன்பே கதவுகளைத் திறந்து, அவை மீண்டும் சாத்திக்கொள்ளாதபடி பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வந்தபோது வணக்கம் சொன்ன அதே முகம், போகும்போதும் அங்கே இருக்கட்டும். நடக்கச் சிரமப்படுபவர்கள் கூட்டம் கலையும்வரை அமர்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய் எப்போது புறப்பட விரும்புகிறார்கள் என்று கேளுங்கள்.

எல்லோரும் போனதும் உங்கள் பகுதியின் ஒவ்வொரு வரிசையிலும் நடந்து, இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். குடை, மூக்குக் கண்ணாடி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு என்று ஏதாவது அகப்படும். எடுத்த இடத்தின் வரிசையையும் எண்ணையும் துண்டுத் தாளில் எழுதி, பொருளோடு சேர்த்து ஒப்படையுங்கள். தேடி வருபவர் சொல்லும் இடத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தர அது உதவும். உடைந்த இருக்கை, எரியாத விளக்கு, கதவு இறுகியிருந்தது என்று கண்ட குறைகளையும் அதே தாளில் எழுதித் தலைமை அஷரிடம் கொடுங்கள். கழிப்பறைகளிலும் மாடியிலும் யாரும் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே விளக்குகளை அணைக்கச் சொல்ல வேண்டும். டார்ச்சை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.